செல்வியின் கை துள்ளிய வருஷம்

மாடிக்குப் போகிற கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றுவிட்டேன். கையில் காபி டம்ளர். சூடு விரலில் ஏறுவது தெரிந்தது. மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாதிக்குத் தகரம் போட்டிருக்கிறோம். அதன் கீழே, கல்யாண மண்டபங்களில் விரிப்பார்களே, அந்த மாதிரிப் பச்சை விரிப்பு ஒன்று கிடந்தது. விரிப்பின் ஒரு முனையில் ஒரு சில்வர் டம்ளரைச் சாய்த்துப் போட்டிருந்தாள் என் மகள் செல்வி. டம்ளருக்கு ஒரு முழம் தள்ளி வெள்ளைப் பந்து. அவள் கையில் மட்டை.

ஒரு முழம்தான், பிள்ளைகளே. உங்கள் வீட்டில் தவழுகிற தம்பி கூடத் தள்ளிவிடுவான்.

செல்வி குனிந்தாள். மூச்சை நிதானமாக விட்டாள். மட்டையைப் பின்னால் கொஞ்சம் கொண்டுபோனாள். பந்தைத் தொடப்போகிற நேரத்தில் அவளுடைய வலது கை வெடுக்கென்று துள்ளியது. தொட்டியிலிருந்து எடுத்த மீன் துள்ளுமே, அப்படி. பந்து டம்ளருக்குப் பக்கத்தில் ஓடிப் போய்ச் சுவரில் முட்டியது.

இன்னொரு பந்து வைத்தாள். மறுபடியும் துள்ளல். மறுபடியும் சுவர்.

மட்டையைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு யாரோ ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

நான் சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன். அடுப்படியில் நின்ற என் வீட்டுக்காரி பேச்சியம்மாள், "குடிச்சாளா?" என்று கேட்டாள்.

"இன்னும் எந்திரிக்கல" என்றேன்.

ஒரு முழமும் ஒரு கணக்குதான்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிக்கிற பிள்ளைகளுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நான் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் குட்டியானை ஓட்டுகிறவன். குட்டியானை என்றால் சின்ன சரக்கு வண்டி. என் மகள் கோல்ஃப் ஆடுகிறவள். பொழுதுபோக்குக்கு இல்லை, அதுதான் அவளுடைய பிழைப்பு.

கோல்ஃப் என்றால் டிவியில் பார்த்திருப்பீர்கள். பெரிய புல்வெளி. அதில் தூரத்தில் ஒரு கொடி, கொடிக்குக் கீழே ஒரு குழி. இங்கேயிருந்து அடித்து அடித்துப் பந்தை அந்தக் குழிக்குள் போட வேண்டும். யார் குறைந்த அடியில் போடுகிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள்.

இதில் ஒரு அநியாயம் உண்டு. பந்தைப் பனைமர உயரத்துக்கு மேலே பறக்கவிட்டு ஒரு குளத்தையே தாண்டினாலும் ஒரு அடிதான் கணக்கு. குழிக்குப் பக்கத்தில் வந்து ஒரு முழம் தள்ளினாலும் ஒரு அடிதான் கணக்கு. பெரிய அடியில் சம்பாதித்ததை எல்லாம் அந்த ஒரு முழத்தில் தொலைத்துவிடலாம்.

அந்த வருஷம் செல்வி அப்படித்தான் தொலைத்துக்கொண்டு வந்தாள். அந்த ஆட்டத்தின் வருஷக் கணக்கு வேறு, எங்கள் ஊர்ச் சாரல் காலத்தோடு முடியும். அந்தக் கடைசியில் பின்தங்கியவர்களின் வரிசையில் நின்றாள். பின்தங்கியவர்களுக்குத் தகுதிப் போட்டி ஒன்று வைப்பார்கள். அதில் மேலே வந்துவிட்டால் அடுத்த வருஷம் ஆடலாம். வராவிட்டால் வருஷம் முழுக்க எந்தப் போட்டியிலும் இடம் கிடையாது. வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஒரு வருஷம் ஆடாமல் இருந்தவர்கள் திரும்பி வந்தது அபூர்வம் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் போட்டிக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. இந்த நேரத்தில் அவள் பெங்களூரில் பயிற்சியில் இருக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு வந்து நின்றாள்.

"சும்மா வந்தேம்பா. சாரல் பாக்க" என்றாள்.

நான் பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

திங்கட்கிழமைப் பிள்ளை

நான் பயந்தாங்கொள்ளி. இதை மறைத்து எழுதினால் நாளைக்குச் செல்வியே உங்களிடம் போட்டுக்கொடுத்துவிடுவாள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பல வருஷம் புல் வெட்டுகிற வண்டி ஓட்டினேன். அங்கே திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்கு வேலையாட்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கொஞ்ச நேரம் அடித்துப் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். யாரோ தூக்கிப் போட்ட மட்டை ஒன்றை அறுத்துக் குட்டையாக்கி, பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக்கொண்டு, செல்வியும் போய் நின்றாள். அப்போது மூன்றாம் வகுப்பு.

மற்ற அப்பாக்கள் கை தட்டினார்கள். நான் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து யார் மண்டையிலாவது பட்டால்? ஏதாவது காரின் கண்ணாடி போனால்? புதரில் பந்து தேடுகிறவளைப் பாம்பு கொத்தினால்? மழை வந்தால் இன்னும் மோசம். வெட்டவெளி, கையில் இரும்பு, மேலே இடி. அவள் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அவளோ அடித்துக்கொண்டே இருந்தாள். அங்கே பயிற்சி கொடுத்த ஒரு அம்மா பார்த்துவிட்டு, வாரம் முழுக்க வரச் சொன்னார். அப்படி வளர்ந்ததுதான் எல்லாம். பிறகு நானும் பேச்சியும் ஊருக்குத் திரும்பிவிட்டோம். செல்வி அங்கேயே இருந்து ஆடினாள். பெரியவர்களோடு ஆடினாள். வெளிநாடு போனாள்.

மார்க்கெட்டில் இதை வைத்து என்னைச் சும்மா விடமாட்டார்கள். பல்லாரி வெங்காய மூட்டை இறக்குகிற ஆட்கள் கேட்பார்கள்:

"அண்ணாச்சி, ஒங்க மவ குச்சிய வச்சிப் பந்தக் குழில தள்ளுததுக்கு ஏரோப்பிளேன்ல போறாளாமே?"

"ஆமாலே."

"நாங்க கோலிக்குண்ட சின்னப்பிள்ளையிலேயே தள்ளுனோம். எங்களுக்கு ஒரு பஸ் டிக்கெட்டு எடுத்துக் குடுக்க ஆளில்லையே."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஏரோப்பிளேன் என்கிற வார்த்தை மட்டும் எனக்குள் இறங்கி ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளும்.

பேர் சொல்லாத வியாதி

மறுநாள் காலையிலும் அதே படியில் போய் நின்றேன். நின்ற கொஞ்ச நேரத்தில், திரும்பிப் பார்க்காமலே செல்வி சொன்னாள்.

"எப்பா, அங்கன என்ன நிக்கிய? மேல வாங்க. நேத்தும் நின்னிய."

போனேன்.

"கையில என்னட்டி?"

"துள்ளுது."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒன்னும் இல்லப்பா. பந்து பக்கத்துல இருந்தா மட்டும், அடிக்கப் போற நேரம் பாத்து, தானா துள்ளுது. பெரிய அடிக்கு ஒன்னும் செய்யல."

"டாக்டருட்ட காமிச்சியா?"

"காமிச்சாச்சு. எலும்புல ஒன்னுமில்ல, நரம்புல ஒன்னுமில்லங்காவ. எங்க ஆளுகள்ல ரொம்பப் பேருக்கு வந்திருக்கு. சில பேரு அதோட ஆட்டத்தையே விட்டுட்டாவ."

"அதுக்குப் பேரு என்ன?"

அவள் சொல்லவில்லை. செல்போனில் எழுதிக் காட்டினாள். வாயால் சொன்னால் சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அந்த ஆட்டக்காரர்களிடையே ஒரு பயம் உண்டாம். நம் ஊரில் அம்மை போட்டால் வியாதியின் பேரைச் சொல்லாமல், அம்மன் வந்திருக்கு என்று சொல்வோம் இல்லையா, அதுபோல. நானும் அந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை.

விஷயம் அடுப்படிக்குப் போனது. பேச்சி கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

"பிள்ள எங்கயோ பயந்திருக்கா" என்றாள்.

"நான் எங்கயும் பயப்படலம்மா."

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்? பயந்தவுகளுக்கு எப்ப பயந்தோம்னு தெரியாது. தனியா ஊர் ஊரா போறவ. எந்த மரத்துக்கடியில எந்த நேரத்துல நின்னியோ."

எங்கள் பக்கத்தில் இதற்குப் பயந்த கோளாறு என்று பேர். குழந்தை தூக்கத்தில் உடம்பைத் தூக்கிப் போட்டால் பயந்த கோளாறு. வயசுப் பிள்ளைக்குக் கை கால் வெட்டி இழுத்தாலும் பயந்த கோளாறு. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் சந்தேகமே இல்லை.

நானும் அதைத்தான் நம்பினேன். சொல்லப்போனால் எனக்கு அது ஒரு ஆறுதலாகவே இருந்தது. பயம் என்றால் எனக்குத் தெரிந்த சங்கதி. வேறு என்னமோ என்றால் நான் எங்கே போவேன்?

ஊதி வாங்கிய தண்ணீர்

பேச்சி அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை, கண்ணேறு பலமாகத்தான் இருக்கிறது என்றாள். அடுப்படியிலிருந்து நாங்கள் எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே வந்தது வேறு விஷயம்.

என் கூட்டாளி மைதீன் வடகரைக்காரர். மார்க்கெட்டில் தேங்காய் ஏற்றி விடுகிறவர். என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். சொன்னேன்.

"இதுக்கா இப்படி இருக்கீரு? நாளைக்குச் சாயந்தரம் பிள்ளையக் கூட்டிட்டுப் பள்ளிவாசலுக்கு வாரும்வே. ஒரு பாட்டில்ல தண்ணி கொண்டாரும். தொழுதுட்டு வாரவுக ஓதி ஊதுவாவ. எங்க சின்ன மவளுக்கு ராத்திரி அழுக நின்னது அதுலதான்."

போனோம். பள்ளிவாசல் வாசலில் ஏழெட்டுத் தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே என் மகள். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. வெயிலில் கறுத்த முகம், தோளில் துப்பட்டா, கையில் தண்ணீர்ப் பாட்டில். பக்கத்துக் குழந்தை அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

தொழுகை முடிந்து வந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு குழந்தையாக ஓதி ஊதிக்கொண்டே வந்தார். எங்களிடம் வந்ததும் நின்று, குனிந்து, இடுப்பளவு உயரத்தில் தேடினார்.

"எந்தப் பிள்ளைக்கு?"

நான் மேலே காட்டினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஓதி, அவள் முகத்திலும் பாட்டிலிலும் ஊதினார்.

அந்தத் தண்ணீரை மூன்று வேளையும் குடித்தாள். மறுநாள் காலை மாடியில் கை துள்ளியது. அதற்கு மறுநாளும் துள்ளியது. போட்டிக்கு இருந்த நாட்கள் என் கண் முன்னாலேயே குறைந்துகொண்டு வந்தன. சாப்பிடும்போது அவளுடைய கையையே பார்த்தேன். தோசையைப் பிய்க்கும்போது துள்ளவில்லை. தலை பின்னும்போது துள்ளவில்லை. பந்து ஒன்றைக் கண்டால் மட்டும் அந்தக் கைக்குள் என்னவோ விழித்துக்கொண்டது.

தலையில் விழுந்த தண்ணீர்

"ஓதுததும் சுத்துததும் ஒன்னும் வேண்டாம், அருவில கொண்டுபோய் நிறுத்து" என்று எதிர்வீட்டிலிருந்து சொன்னார்கள். குற்றாலத்துத் தண்ணீர் தலையில் விழுந்தால் பித்தம் தெளியும், பயம் தெளியும். எங்கள் பக்கத்தில் காலங்காலமாகச் சொல்வது. புத்தி கலங்கியவர்களையே எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து நிறுத்திய அருவி.

செல்வி மறுக்கவில்லை. "குளிச்சு ரொம்ப நாளாச்சு, வாங்கப்பா" என்றாள். பேச்சிக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது. நானும் செல்வியும் மட்டும் போனோம்.

மெயினருவியில் நல்ல தண்ணீர். கூட்டமும் நல்ல கூட்டம். எண்ணெய் வாசனையும் ஈரத்துணி வாசனையும் கலந்து கிடந்தது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். பிரிகிற இடத்தில் அவளுடைய செல்போனையும் துண்டுப் பையையும் நான் வாங்கிக்கொண்டேன்.

"ரொம்ப உள்ள போவாத. கம்பியப் பிடிச்சிக்கிட்டு நில்லு."

"சரிப்பா."

"தலைய மட்டும் காட்டு. கழுத்துல விழாமப் பாத்துக்க."

"எப்பா, நீங்க போய்க் குளிங்க."

நான் குளிக்கவில்லை. பையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அங்கேயிருந்து பெண்கள் பக்கம் சரியாகத் தெரியாது. வெள்ளையாக விழுகிற தண்ணீரும், அதற்குள் அசைகிற நிறங்களும்தான் தெரியும். அதில் எது என் மகள் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் காலடியில் ஒரு பச்சைக் கிளை வந்து ஒதுங்கியது.

விசில்

முதலில் ஒரு கிளை. பிறகு இலைகள். அருவியைப் பார்த்தேன். தண்ணீரின் வெள்ளையில் ஒரு ஓரம் மட்டும் டீ நிறமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நிறம் அகலமானது. சத்தமும் மாறியது. அதுவரை இரைந்துகொண்டிருந்த அருவி உறும ஆரம்பித்தது.

விசில் அடித்தார்கள். காவலர்கள் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தார்கள். மேலே மலையில் மழை. வெள்ளம் வருகிறது. எல்லோரும் வெளியே.

ஆண்கள் பக்கத்திலிருந்து கூட்டம் என்னை இடித்துக்கொண்டு ஏறியது. நான் எதிர்த்திசையில் போகப் பார்த்தேன். ஒரு இளம் காவலர் என் மார்பில் கை வைத்துத் தள்ளினார்.

"பெரியவரே, மேல போங்க."

"எம் மவ அங்கன நிக்கா, சார்."

"லேடீஸ் எல்லாம் அந்தப் பக்கமா வந்துருவாங்க. நீங்க போங்க."

மேலே ஏறிப் பெண்கள் வெளியே வருகிற வழியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் எத்தனையோ ஆண்கள் நின்று, ஆளுக்கு ஒரு பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஈரத்தலையோடு பெண்கள் வந்தார்கள், வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். திடீரென்று வருவது நின்றுவிட்டது.

உள்ளே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். சத்தம் கேட்கிறது. ஆனால் யாரும் வெளியே வரவில்லை.

அருவி முழுக்கச் செம்மண் நிறமாகிவிட்டது. மேலேயிருந்து ஏதோ ஒரு கட்டை தண்ணீரோடு விழுந்து உடைந்ததைப் பார்த்தேன். பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்குக் கோல்ஃப் ஞாபகம் இல்லை, போட்டி ஞாபகம் இல்லை. கை துள்ளினால் துள்ளிவிட்டுப் போகட்டும், அந்தக் கையோடு அவள் வந்தால் போதும் என்று, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். மைதீன் கூட்டிப் போன பள்ளிவாசலையும் கூப்பிட்டேன். அவளுடைய செல்போன் என் கையில் இருந்தது. அது என் கையில் இருப்பதுதான் என்னை ரொம்பவும் பயமுறுத்தியது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடைப்பு எடுத்த மாதிரி மறுபடியும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் கடைசியில், ஒரு பெண் காவலரும் செல்வியும் நடுவில் ஒரு அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாவின் கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை.

"எப்பா, பையத் தாங்க. இவுகளுக்குத் துண்டு வேணும்" என்றாள் செல்வி.

பயந்த கை

ரோட்டோரத்துக் கடையில் உட்கார்ந்து டீ வாங்கினேன். என் கிளாஸிலிருந்து பாதி டீ வேட்டியில் கொட்டியது. செல்வியின் கிளாஸைப் பார்த்தேன். டீ ஆடாமல் நின்றது.

"உள்ள என்னட்டி நடந்துச்சு?"

சொன்னாள். வெளியே வருகிற வழியில் அந்த அம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உறைந்து நின்றுவிட்டாராம். அவரைத் தாண்டி யாரும் போக முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் கத்துகிறார்கள். பெண் காவலர் தோளைப் பிடித்து இழுக்கிறார். இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது.

"நான் முன்னால போயி, இழுக்காதீங்க மேடம்னு சொன்னேன். அவுக சுண்டு விரல மட்டும் மெல்லத் தூக்குனேன். அது வந்துட்டு. பெறவு அடுத்த விரலு. பெறவு அடுத்தது. பிடி கடைசி விரல்லதாம்பா இருக்கும். எனக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே அப்படித்தான்."

"தண்ணி வந்துகிட்டு இருந்துச்சேட்டி."

"இடுப்புக்குக் கீழதான் இருந்துச்சு."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் ரோட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். ஈரத்தலையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெஞ்சில் விழுந்தது.

"எப்பா, பயந்த கை எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தொட்டுப் பாத்தேன். கல்லு மாதிரி இறுகிப் போயி இருக்கு. என் கை இறுகல. துள்ளுது. இது அது இல்லப்பா. நீங்களும் அம்மையும் நெனைக்க மாதிரி நான் எதுக்கும் பயப்படல."

"அப்பம் இது என்னது?"

"தெரியல. ஆயிரந்தடவ செஞ்ச வேலை, கைக்கு மறந்துபோச்சுன்னு வச்சிக்கிடுங்க. கையிட்ட கெஞ்சிப் பிரயோசனம் இல்ல. வேற மாதிரிப் பிடிக்கணும்."

அவள் அதை நிம்மதியாகச் சொன்னாள். எனக்கு நிம்மதி போய்விட்டது. பயம் என்றால் ஓதலாம், சுற்றிப் போடலாம், அருவியில் நிறுத்தலாம். பயமே இல்லாமல் துள்ளுகிற கையை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

கீழே இருந்த கை மேலே

மறுநாளிலிருந்து மாடியில் பிடியை மாற்றினாள். அவ்வளவு வருஷமும் வலது கை கீழே, இடது கை மேலே. இப்போது இடது கையைக் கீழே கொண்டுவந்தாள். வலது கை மேலே சும்மா தாங்கிக்கொண்டால் போதும், துள்ளினாலும் பந்தை ரொம்பக் கெடுக்காது என்பது அவளுடைய கணக்கு.

இடது கையால் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்து எப்படிக் கோணும்? அப்படி இருந்தது. பத்துப் பதினைந்து வருஷமாக ஆடியவள், முதல் நாள் மட்டை பிடித்தவள் மாதிரி நின்றாள். பயிற்சி அம்மா போனில் கேட்டுவிட்டு, "இது பழக ஒரு வருஷம் ஆகுமே செல்வி" என்றார்.

"ஒரு வருஷம் இல்ல மேடம். இருக்குத நாள்ல பழகுதேன்."

மாடியில் காலையிலிருந்து மத்தியானம் வரை டம்ளர் சத்தம் கேட்கும். பந்து டம்ளருக்குள் போனால் ணங் என்று ஒரு சத்தம். சுவரில் பட்டால் டொக். கீழே நானும் பேச்சியும் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு காதை மேலே வைத்திருப்போம். ணங். ணங். டொக். டொக் விழும்போதெல்லாம் பேச்சி கண்ணை மூடிக்கொள்வாள். நான்கைந்து ணங் சேர்ந்து வந்தால் எனக்கு இன்னும் பயம். அடுத்தது டொக் தானே என்று.

போட்டி நெருங்கியதும் அவளை ரயிலேற்றிவிட்டேன். கை சரியாகிவிட்டதா என்று ஸ்டேஷனில் கேட்க வாய் வரவில்லை. "சாப்பிட்டுக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

மார்க்கெட்டில் வந்த போன்

தகுதிப் போட்டி நாலு நாள். முதல் மூன்று நாளும் ராத்திரி பேசினாள். ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் இறக்கம். கடைசி நாள் காலையில், இன்றைக்கு உள்ளே நிற்கிறதா வெளியே போகிறதா என்பது விளிம்பில் இருக்கிறது என்றாள்.

அன்று பாவூர்சத்திரத்தில் எனக்கு முருங்கைக்காய் லோடு. செங்கோட்டை தாண்டிக் கொண்டுபோக வேண்டும். கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மைதீனும் அன்று என் வண்டியில் வருவதாக இருந்தது. மத்தியானம் தாண்டி, என் சட்டைப்பையில் போன் அடித்தது. செல்வியின் பெயர் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எடும்வே. பிள்ள கூப்பிடுதால்லா" என்றார் மைதீன்.

"நீரு எடும்."

"எம் மவளா அவ? எடும்ங்கேன்."

எடுத்தேன்.

"எப்பா."

"சொல்லு தாயி."

"கடைசிக் குழி. பந்து ஒரு முழத்துல நின்னுச்சு. அத உள்ள போட்டா அடுத்த வருஷம் உண்டு. இல்லன்னா இல்ல."

நான் ஒரு மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். எது மூட்டை என்று பார்க்கவில்லை.

"துள்ளுச்சுப்பா."

"கை மாத்திப் பிடிச்சுமா?"

"மாத்திப் பிடிச்சும்தான். பந்து குழி விளிம்புல ஏறி ஒரு சுத்து சுத்துச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டே நின்னாவ."

அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அந்த மூச்சுக்குள் நான் என்னென்னவோ பார்த்துவிட்டேன். அவள் பெட்டியோடு வீட்டுக்கு வந்து இறங்குவதைப் பார்த்தேன்.

"பெறவு?"

"விழுந்துட்டுப்பா. உள்ள."

மைதீன் என் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றார். நான் தலையை ஆட்டினேன். மூட்டை ஏற்றுகிறவர்களிடம் அவர் ஏதோ கத்திச் சொன்னார். யாரோ விசிலடித்தார்கள்.

"அப்பம் கை சரியாயிட்டாட்டி?"

"எங்க சரியாச்சு? அதான் துள்ளுச்சுங்கேன்லா. இனிமேலும் துள்ளும்பா. வச்சிக்கிட்டுத்தான் ஆடணும். சரி, வைக்கேன். புது வருஷக் கணக்குல அடுத்த வாரமே ஒரு போட்டி இருக்கு."

போன் அணைந்தது. வண்டியை எடுத்தேன். செங்கோட்டை வரைக்கும் மைதீன் பேசிக்கொண்டே வந்தார். ஊரெல்லாம் மிட்டாய் கொடுக்க வேண்டும் என்றார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வடகரைக்குச் சாப்பிட வரவேண்டும் என்றார். நான் சரி சரி என்றேன். அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. அவளுக்குத்தான் அது அடுத்த வாரம். எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது.